தம்பிக்கு டீயை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்கு நாலு வருடமாக குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். காதில் கேட்கும் குரல் நன்றாகக் குறைந்திருந்தது. போன தீபாவளியிலிருந்து டீக்கடையே கதி; ஒரு நாளைக்குப் பத்து டீ, கூடவே புதிதாக பீடி. ராத்திரி இரண்டு மணி வரை முற்றத்தில் நடக்கிறான், குரல் திரும்ப வருகிறது என்கிறான். டீயால்தான் இந்த நோயே வந்தது என்கிறார் சித்தப்பா. நாளையிலிருந்து அடியோடு நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் சித்தப்பாவிடம் சொல்லுங்கள், டீ குடித்து யாருக்கும் மனச்சிதைவு வராது. ஆனால் இருக்கிற நோயைக் கிளறிவிட, டீயிலும் காபியிலும் இருக்கிற கஃபீன் அளவுக்கு மீறினால் அதனால் முடியும். மூளையில் அடினோசின் என்ற பொருள்தான் அசதியை உணர்த்தி வேகத்தைக் குறைக்கிறது. அது உட்காரும் இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்ள, மூளையைத் தூண்டுகிற டோபமின் என்ற பொருளின் ஆட்டம் கூடுகிறது. இந்த நோய்க்கான மாத்திரைகள் அடக்கப் பார்ப்பதும் அதே டோபமினைத்தான். போதாததற்குத் தூக்கமும் போய்விட்டது, தூக்கம் கெட்டாலே குரல் கூடும்.

ஆனாலும் நாளைக்கே நிறுத்தாதீர்கள். குளோசபினையும் கஃபீனையும் கல்லீரலில் பெரும்பாலும் ஒரே நொதிதான் உடைக்கிறது. டீ ஏறினால் மாத்திரை உடைவது தாமதமாகி ரத்தத்தில் அதன் அளவு ஏறும், டீயைச் சட்டென்று விட்டால் இறங்கும். பீடி இதற்கு நேர் எதிர். புகை அந்த நொதியைப் பெருக்கி மாத்திரையின் அளவைக் குறைத்துவிடும், அதனால் குரல் திரும்பியதற்கு டீயைவிட அந்தப் புதுப் பீடியே காரணமாக இருக்கலாம். அதற்காக பீடியைத் திடீரென்று பிடுங்கினாலும் ஆபத்து, மாத்திரை அளவு எகிறும். எச்சில் வழிவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, அளவுக்கு மீறிய தூக்கம், இதில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்; வலிப்புகூட வரலாம்.

சரி, என்ன செய்வது? எண்ணுங்கள். தினசரி காலண்டர் தாளில் ஒரு டீக்கு ஒரு கோடு, ஒரு பீடிக்கு ஒரு புள்ளி, முடிந்தால் தம்பியே போடட்டும். பத்து நாள் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு மருந்து எழுதும் டாக்டரைப் பாருங்கள், ரத்தத்தில் குளோசபின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன வரம்பு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீன். 150 மில்லி டீயில் 30 முதல் 65 வரை இருக்கும், டிக்காஷன் காபியில் 80 முதல் 120 வரை. பத்து ஸ்ட்ராங் டீ அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும்.

டாக்டர் சரி என்றதும் ராத்திரிப் பக்கத்திலிருந்து குறையுங்கள். ஆறு மணிக்குக் குடித்த டீயின் கஃபீனில் பாதி பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மூன்று நாலு நாளைக்கு ஒரு கிளாஸ் குறைந்தால் போதும், வேகமாகப் போனால் தலைவலியும் எரிச்சலும் வந்து வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தம்பிக்குத் தெரியாமல் டீ மாஸ்டரிடம் சொல்லி லைட்டாகப் போடச் சொல்வது. குடிக்கிறதில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் இந்த நோயில் சாதாரணமாக வரும், அதை நாமே நிஜமாக்கிவிடக் கூடாது. அப்புறம் அந்த டீக்கடை பெஞ்சை அவனிடமிருந்து பறிக்காதீர்கள். காலையில் மாத்திரை மயக்கம் தெளிய ஒரு டீ வேண்டியிருக்கும், அதோடு "வாப்பா, உட்காரு" என்று நோயைப் பற்றிக் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுக்கிற ஆட்கள் அவனுக்கு அங்கேதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவன் போகட்டும். கையில் என்ன கிளாஸ் என்பதை அவனோடு பேசி முடிவு செய்யுங்கள்.

டாக்டரைப் பார்க்க நாளாகும், அதற்குள் குரல் மிரட்டுகிறது என்றால் 14416, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: என் பிள்ளையும் குளோசபின் சாப்பிடுகிறான். டீக்குப் பதிலாகப் பருத்திப்பால், சுக்குமல்லி காபி கொடுக்கலாமா?
— ஒரு தாய், மேலூர்

பதில்: தாராளமாக. பருத்திப்பாலில் கஃபீன் கிடையாது, காபித்தூள் போடாத சுக்குமல்லியிலும் கிடையாது. வெல்லத்தைப் பாதியாக்குங்கள், குளோசபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகிற மருந்து.