நிறுவனச் சான்றிதழ் இருந்தும் ஆசிரியரின் மதிப்பெண்ணை வாரியம் ஏற்காதது ஏன்?

இயந்திர நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற உங்கள் பள்ளித் தொழிற்கல்வி ஆசிரியர் செய்முறைக்குப் போட்ட மதிப்பெண்ணை வாரியம் ஏற்கவில்லை என்கிறீர்கள். அதற்காக அவரை மறுபடி அதே பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். அவரிடம் இல்லாதது மதிப்பீட்டாளர் தகுதி. நிறுவனம் கொடுத்த ஐந்து நாள் பயிற்சிச் சான்றிதழ், அவர் அந்த இயந்திரத்தை இயக்கக் கற்றார் என்று மட்டும்தான் சொல்கிறது. மாணவரின் செய்முறையைப் பார்த்துத் தேர்ச்சி என்று கையெழுத்திடும் அதிகாரம், தொழிற்கல்விச் சான்றிதழ் வழங்கும் வாரியம் தருவது.

நிறுவனத்தோடு பள்ளி போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'ஆசிரியர் பயிற்சி' என்று ஒற்றை வரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தன் கருவியைச் சொல்லிக்கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நிறுவனம் எண்ணும். எல்லாம் அதில் அடக்கம் என்று பள்ளி நம்பும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

1. பாடப்பிரிவின் மதிப்பீட்டு அளவுகோல்களை ஒரு பத்தியிலும், பயிற்சியில் நடந்தவற்றைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். பாதுகாப்பு நடைமுறை, ஆதாரக் கோப்பு (மாணவரின் வேலைக்கான சான்றுகளின் தொகுப்பு) பராமரிப்பு ஆகியவற்றுக்கு எதிரே காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. அப்புறம், உங்கள் ஆசிரியரின் மதிப்பீட்டைத் தகுதி பெற்ற வேறொரு மதிப்பீட்டாளர் பார்த்து மேலொப்பம் (கூடுதல் கையெழுத்து) இடலாமா என்று வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். சில வாரியங்கள் இதை அனுமதிக்கும்.

நிறுவன மேற்பார்வையாளர் மாணவரின் வேலையைப் பார்த்து எழுதிக்கொடுத்த குறிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவை ஆதாரமாகும், தீர்ப்பாகாது. ஆனால் பழைய தேதி போட்டு மட்டும் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். வாரியத்தின் சரிபார்ப்பில் தெரிந்தால் பள்ளியின் அங்கீகாரமே போய்விடலாம்.