பதில்: டிசம்பர் நிகழ்ச்சிகளும் கம்மும் குரலும்

மூன்று பாடகர் குழுக்களில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடுவதால் மாலையானால் குரல் கம்மிவிடுகிறது என்றும், ஜனவரித் தேர்வுக்குள் சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சிகளைவிட ஒத்திகைகளே குரலை அதிகம் வாட்டுகின்றன என்பது என் கணிப்பு. ஆகவே குழு நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒத்திகையில் மட்டும் உச்ச சுரங்களை ஒரு ஸ்தாயி கீழிறக்கி, மென்மையாக, ஆனால் மூச்சின் பிடிமானம் தளராமல் பாடுங்கள். கிசுகிசுப்பதை ஓய்வென்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது தொண்டைத் தசைகளை இறுக்கவே செய்கிறது. செருமத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு, இரைச்சலில் கத்திப் பேசுவதைத் தவிர்த்து, மெல்லிய உறிஞ்சுகுழாய் வழியே சில நிமிடங்கள் ‘ஊ’ என்று தாழ்விலிருந்து மேலே வழுக்கிப் பாடினால் குரல் இலகுவாகும். தேர்வுப் பாடல்களை இப்போதைக்குப் பியானோவிலும் மனத்துக்குள்ளும் பயிலலாம். கம்மல் மூன்று வாரங்களைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பாடும்போது வலித்தால், அன்றைய நிகழ்ச்சி எவ்வளவு முக்கியமானதாயினும், உடனே நிறுத்திவிடுங்கள்.