கம்ப்யூட்டர் சீட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெங்களூரில் இதய வால்வு மாற்றியதிலிருந்து தினமும் அசிட்ரோம் சாப்பிடுகிறார். பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. இப்போது முழங்கால் வலிக்குத் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அசிக்ளோஃபினாக் 10 நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அடித்த சீட்டுதான். சேரக்கூடாத மாத்திரை என்றால் கம்ப்யூட்டரே தடுத்திருக்காதா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: முதலில், அந்த வலி மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் எழுதிய டாக்டரிடம் பேசி, அப்பா அசிட்ரோம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அசிட்ரோமை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம் வரை போகும்.

அசிட்ரோம் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. அசிக்ளோஃபினாக் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். புண்ணிலிருந்து கசியும் ரத்தம் சீக்கிரம் நிற்காது. போதாக்குறைக்கு இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும்.

சரி, கம்ப்யூட்டர் ஏன் தடுக்கவில்லை? சேரக்கூடாத மருந்துகளின் பட்டியல் சாஃப்ட்வேருக்குள் இருக்க வேண்டும். சில இடங்களில் அது சீட்டு அடிக்கவும் பில் போடவும் மட்டும்தான். பட்டியல் இருந்தாலும், பதிவில் உள்ள மருந்துகளைத்தான் அது ஒப்பிட்டுப் பார்க்கும். அசிட்ரோம் பெங்களூர் பதிவில் இருக்கிறது, பிரஷர் மாத்திரை அரசுப் பதிவில். தர்மபுரி கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது முழங்கால் வலி மட்டும்தான். இன்னொன்றும் உண்டு. சின்ன விஷயத்துக்கெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், நெரிசலான ஓ.பி.யில் முக்கியமான எச்சரிக்கையும் படிக்காமலே தள்ளப்பட்டுவிடும். இது உலகம் முழுக்கப் பேசப்படும் சிக்கல்.

அதற்காகக் கையெழுத்துச் சீட்டே மேல் என்று சொல்லமாட்டேன். புரியாத எழுத்தால் மருந்து மாறிப்போன கொடுமை அதில்தான் அதிகம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் வீடு தேடி வருவதாலேயே, "வேறு என்ன மாத்திரை?" என்று டாக்டர் கேட்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. அதனால் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, போகும் இடமெல்லாம் மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள். நாட்டு மருந்து, சூரணம் இருந்தால் அதையும் சேர்த்து. மெடிக்கலில் சளிக்கோ வயிற்றுப்போக்குக்கோ வாங்கும்போதும் அசிட்ரோம் பெயரைச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோல் அதன் வேகத்தை நன்றாகவே கூட்டும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கலாம். பாராசிட்டமால் எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டரிடமே கேளுங்கள். அதையும் தினமும் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறலாம், இடையில் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், அந்த மாத்திரைப் பையோடு.