மொடக்குறிச்சியில் 1033 பேர் போட்டியிட முடிந்தது எப்படி?

ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1033 வேட்பாளர்கள் நின்றார்கள். காரணம் எளிது: அன்று டெபாசிட் வெறும் 250 ரூபாய். குறைகளைக் கேட்க ஆளில்லை என்று கொதித்த விவசாயிகள் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தனர். சின்னத்துக்கு எங்கே போவது? இத்தனை பெயர்கள் ஒரே தாளில் அடங்காததால் வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அதைப் போட உயரமான பெட்டிகளும் தேவைப்பட்டன. வாக்குப்பதிவு தள்ளிப்போனது. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்; 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

அதே ஆண்டு தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. டெபாசிட் 5,000 ஆனது (2009 திருத்தத்துக்குப் பின் 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி). சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் போச்சு.

விவசாயிகளின் அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.