அவலாஞ்சித் தூண்டில் தாழங்குடாவுக்கு ஆகுமா?

கேள்வி: மே மாதம் ஊட்டி போகிறோம். கோடை மழை அடித்து ஓய்ந்ததும் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீன் நன்றாகக் கடிக்கும் என்று நண்பர் ஆசை காட்டுகிறார். ஆன்லைனில் 9 அடி, 5 வெயிட் ஃப்ளை ராடு (பூச்சி மாதிரி கட்டிய ‘ஃப்ளை’ என்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் தாழங்குடா முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கும் அதையே போடலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நண்பர் சொன்னது பாதிதான் சரி. மழை விட்ட கையோடு ஓடினால் ஒன்றும் சிக்காது. ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை எடுக்கிற மீன். கலங்கல் தண்ணீரில் வேகத்துக்கு ஒதுங்கி, கரையோரக் கல்லுக்குப் பின்னால் கிடக்கும். வெள்ளம் வடிந்து, செந்தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்குத் தெளியும்போதுதான் உங்களுக்கு நேரம். மழையில் ஓடை குளிர்ந்திருக்கும், புழு பூச்சியெல்லாம் அடித்து வந்திருக்கும், மீனும் இரை தேடி வெளியே வரும். சற்றுப் பெரிய கறுப்பு ஃப்ளையைக் கரையை ஒட்டிப் போடுங்கள். இடி கேட்டால் உடனே கோலைக் கீழே போடுங்கள். கார்பன் கோலில் மின்சாரம் பாயும்.

ஆனால் செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அங்கே மீன் பிடிக்க மீன்வளத்துறை, வனத்துறை அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

சரி, கொடுவாவுக்கு? அந்த 5 வெயிட் பத்தாது. வெயிட் என்பது கோலுக்குப் பொருந்தும் லைனின் (தூண்டில் கயிற்றின்) கனத்தைச் சொல்லும் எண். கடல் காற்றுக்கு எதிரே கனமான ஃப்ளையை வீச 8 வெயிட்டாவது வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, மெல்லிய தூண்டில் நரம்பை அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் மலிவு ரீலை (லைன் சுற்றும் உருளையை) அரித்துவிடும். ஆனோடைஸ் செய்த (அரிப்பைத் தாங்கும்படி மேற்பரப்பைப் பதப்படுத்திய) அலுமினிய ரீலாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஊட்டி எப்போதோ ஒரு தடவை, தாழங்குடா பக்கத்திலேயே இருக்கிறது. எனவே 8 வெயிட்டை வாங்குங்கள். மலைக்கு நண்பரிடமே கோலை இரவல் கேளுங்கள், ஆசை காட்டியவர் அவர்தானே!

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். கோலின் பிடிக்கு மேலே உள்ள எண்ணும் லைன் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ‘டபிள்யூ.எஃப்.8.எஃப்’ என்றால் 8 வெயிட் கோலுக்கான மிதக்கும் லைன். ‘செட்’ என்று விற்பதில் இந்த எண்தான் அடிக்கடி மாறியிருக்கும். துண்டுகள் சேருமிடத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். குறை இருந்து தளத்தில் புகார் செய்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாக அவர்கள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.