வாசகர் கேள்வி: ஸ்டியரிங் முனகுது, என்ன செய்ய?

கேள்வி: அண்ணே, ரங்கூன் தாம்வேல இருக்கேன், 1995 மாடல் டொயோட்டா கொரோலா வச்சிருக்கேன், காலைல வண்டிய திருப்பினா 'ம்ம்ம்'னு சத்தம், ஸ்டியரிங்கும் கனமா இருக்கு. ரேக்கையே, அதாவது ஸ்டியரிங் திருப்பினா சக்கரத்த தள்ளித் திருப்புற பல்லுக் கம்பியையே, மாத்தணும்னு சொல்றாங்க.

பதில்: தம்பி, அவசரப்பட்டு ரேக்க மாத்திடாதீங்க, முதல்ல பானெட்ட திறந்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவ பாருங்க. ஆயில் சிவப்பா இருக்கணும், கறுத்துப்போனா ஆயில் பழசாயிடுச்சு, நுரை நின்னா உள்ள காத்து போகுதுன்னு அர்த்தம், அந்த முனகலும் பெரும்பாலும் அதனாலதான். மூடியில டெக்ஸ்ரான்னு (ஆயில் வகையோட பேரு) போட்டிருந்தா அதே ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊத்தணும், பிரேக் ஆயில மறந்தும் ஊத்திடாதீங்க, சீல் எல்லாம் ஊதிப்போயிடும். பழைய ஆயில எடுத்துட்டு புதுசு ஊத்தி, முன் சக்கரத்த ஜாக்கில தூக்கி ஸ்டாண்டு வச்சு, இஞ்சின ஆன் பண்ணாம இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா திருப்புங்க, காத்து வெளியேறிடும். பவர் ஸ்டியரிங் பம்ப ஓட்டுற பெல்ட்டையும் அழுத்திப் பாருங்க, தளர்ந்திருந்தாலும் கனக்கும்.

வண்டி தூக்கியிருக்கும்போதே சக்கரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டுங்க, 'டக் டக்'னா டை ராடு எண்டு (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியோட முனை மூட்டு) போச்சு. நம்ம ஊர் மழைக்கு ரேக் ரப்பர் பூட்ட (ரேக் முனைய மூடியிருக்கிற ரப்பர் உறை) கண்டிப்பா பாக்கணும், கிழிஞ்சா தண்ணி ஏறி துரு பிடிச்சுடும். டை ராடு மாத்தினா அலைன்மெண்ட் (சக்கரம் நேரா நிக்குதான்னு) பாக்காம ஓட்டாதீங்க தம்பி.