வீட்டில் மூன்று டி.டி.எச் செட்டாப் பாக்ஸ்கள். எல்லாவற்றையும் லேன் கேபிளில் இணைத்துவிட்டால் டிஷ்ஷிலிருந்து ஒரே ஒயர் போதுமா?

போதாது. சேனல்கள் வருவது டிஷ்ஷிலிருந்து ஆர்ஜி-6 என்ற டிஷ் கேபிள் வழியாக. லேன் கேபிளில் வருவது ஓடிடி, பழைய நிகழ்ச்சிகள் மாதிரி இன்டர்நெட் சமாச்சாரங்கள் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு பாக்ஸுக்கும் எல்.என்.பி-யிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கும் கருவி) தனி ஆர்ஜி-6, ரௌட்டரிலிருந்து தனி கேட்-6 லேன் கேபிள் இழுக்க வேண்டும். மூன்று பாக்ஸ் என்றால் நான்கு அவுட்புட் உள்ள எல்.என்.பி வாங்குங்கள். ஒரே ஒயரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டுச் சமாளிக்காதீர்கள். பாக்ஸிலிருந்து எல்.என்.பி-க்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலையில் வரும் சேனல்கள், 18 போனால் கிடைமட்ட அலையில் வரும் சேனல்கள். ஹால் பாக்ஸ் 18 அனுப்பும் நேரத்தில் படுக்கையறை பாக்ஸ் 13 கேட்டால், அங்கே சேனல் போய்விடும்.

இன்னொன்று, எல்லா பாக்ஸிலும் லேன் போர்ட் இருக்காது. ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில்தான் பெரும்பாலும் இருக்கும். சுவரை உடைக்கும் முன் பின்பக்கம் பார்த்துவிடுங்கள்.

வைஃபை இருக்கும்போது ஒயர் எதற்கு என்பவர்கள் புதுச்சேரியின் பழைய வீடுகளில், அந்தக் கனமான சுண்ணாம்புக் காரைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து 4கே படம் ஓட்டிப் பார்க்கட்டும்.

ரௌட்டரில் போர்ட் போதாவிட்டால் 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று போதும். லேன் கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) கம்பிகளின் வரிசை இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சையை வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி பிரிந்துவிட்டதால் நீளமான கேபிளில் வேகம் தடுமாறும். வேகம் 1000 எம்.பி.பி.எஸ் வராமல் 100-லேயே நின்றால் நீலம் அல்லது பிரவுன் ஜோடியில் தொடர்பு இல்லையா என்று பாருங்கள்.

கேபிள் விஷயத்தில் நடப்பது அநியாயம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி கேட்-6 என்று விற்கிறார்கள். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் கடற்கரை உப்புக் காற்றில் அது சீக்கிரம் அரித்துப்போகும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே லேனையும் திணிக்கும் வேலையாட்களுக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது ஆபத்து, தனி பைப் கேளுங்கள்.

ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கிய டிஷ் கடலூர், புதுச்சேரியில் தென்கிழக்கே, கடலைப் பார்த்தபடிதான் நிற்கும். திருகிப் போடும் கனெக்டர் அங்கே பச்சை பூத்துவிடும். அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டு, மேலே ரப்பர் டேப் இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். டிஷ்ஷுக்கு எர்த் கட்டாயம். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்ததுமே ஆர்ஜி-6, லேன் இரண்டையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றொன்றின் வழியாக மின்சாரம் பாயலாம்.